காலேஜ் புக்கிங் மாநாட்டில் பூத் போடும் பேண்டுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் நண்பர்களின் நால்வர் பேண்ட் ஒன்றுக்கு நான்தான் நாள் குறிப்பது, மெயில் அனுப்புவது, பூத்தில் நிற்பது எல்லாம். ஆறு வருடமாக இதைச் செய்வதால், புதிதாகப் பேண்ட் தொடங்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே மாதிரிச் சந்தேகங்களை வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

அக்கா, இந்த மாநாடு என்றால் என்ன? கச்சேரியா, சந்தையா?

சந்தைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபீஸோடு சேர்த்து 'ஸ்டூடண்ட் ஆக்டிவிட்டி ஃபீ' என்று ஒரு தொகை வாங்குவார்கள். வளாகத்தில் நடக்கும் பாட்டு, காமெடி, மேஜிக் ஷோ எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான். யாரை அழைப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் மாணவர்களே நடத்தும் ஒரு குழு. அந்தக் குழுக்களும் கலைஞர்களும் இரண்டு மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் கூடும் இடம்தான் இந்த மாநாடு. கலைஞர்கள் ஸ்டால் மாதிரி பூத் போட்டு நிற்பார்கள், மாணவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள்.

இதில் பெரிய அமைப்பு நேஷனல் அசோசியேஷன் ஃபார் கேம்பஸ் ஆக்டிவிட்டீஸ். எல்லோரும் சுருக்கமாக 'நாக்கா' என்பார்கள். தலைமையகம் தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தில் இருக்கிறது. 1960-ல் தொடங்கியபோது அதன் பெயரே 'பிளாக் புக்கிங் கான்ஃபரன்ஸ்'. பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரே கலைஞரை அடுத்தடுத்த நாள்களில் அழைத்தால் எல்லோருக்கும் செலவு குறையும் என்ற யோசனையில் பிறந்தது. இன்றைக்கும் அதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'ஆப்கா' என்று இன்னொரு அமைப்பும் இதே மாதிரி மாநாடுகள் நடத்துகிறது.

காலேஜ் என்றால் பெரிய பெரிய ஆட்களைத்தானே கூப்பிடுவார்கள்? பேர் தெரியாத எங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கும் கச்சேரிகள் வேறு வழியில் முடிவாகின்றன. இங்கே வருபவர்களுக்கு வேண்டியது வேறு. மதிய இடைவேளையில் ஸ்டூடண்ட் சென்டரில் ஒரு மணி நேரம் பாட்டு வேண்டும். வியாழன் ராத்திரி காஃபி ஹவுஸில் இரண்டு கிட்டாரோடு யாராவது வேண்டும். ஆகஸ்டில் புதிய மாணவர்கள் வரும் வாரத்தில் புல்வெளியில் ஒரு நிகழ்ச்சி வேண்டும். சிறிய தனியார் கல்லூரிகள், கம்யூனிட்டி காலேஜ்கள், சின்ன ஊர்களில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் ஒரு வருடத்துக்கான நிகழ்ச்சிகளை நிரப்புகின்றன. பேர் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று அவர்கள் தேடுவதில்லை. நேரத்துக்கு வந்து, நன்றாகப் பாடி, தகராறு இல்லாமல் போகும் ஆட்களைத் தேடுகிறார்கள்.

ஏஜென்ட் இல்லாமல் போகலாமா?

போகலாம். கலைஞர்களே உறுப்பினராகச் சேர்ந்து தங்கள் பெயரில் பூத் எடுக்க வழி இருக்கிறது. ஏஜென்ட் இருந்தால் அவருடைய பூத்தில் உங்கள் பெயரும் இன்னும் இருபது பெயர்களும் இருக்கும். அவருக்குக் கல்லூரிகளில் ஆள் பழக்கம் உண்டு. அதற்காகச் சம்பளத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை போகும். முதல் ஓரிரு வருடம் நீங்களே நிற்பது நல்லது என்பது என் கருத்து. வாங்குபவர் என்ன கேட்கிறார் என்று உங்கள் காதால் கேட்டால்தான் தெரியும்.

பூத்துக்கு எவ்வளவு ஆகும்? பட்ஜெட் போட முடியவில்லை.

கட்டணம் வருடா வருடம் மாறும், அந்தந்த வருடக் கட்டணத் தாளைப் பாருங்கள். ஆனால் எந்தெந்தத் தலைப்பில் பணம் போகும் என்பதைச் சொல்கிறேன்: உறுப்பினர் கட்டணம், ஆள் கணக்கில் பதிவுக் கட்டணம், பூத் வாடகை, மின்சாரத்துக்குத் தனியாக, ஹோட்டல், பெட்ரோல், சாப்பாடு. எல்லாக் கல்லூரிகளும் பார்க்கப் பாடிக் காட்டும் ஷோகேஸ் மேடைக்கு விண்ணப்பித்தால் அதற்கும் தனி.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது ஒன்றில்தான். பெட்டிகளைப் பார்சலில் மாநாட்டு மண்டபத்துக்கு அனுப்பினால், அதை இறக்கி உங்கள் பூத் வரை கொண்டுவர எடைக்கு இவ்வளவு என்று மண்டபக் கான்ட்ராக்டர் பில் போடுவார். அது பார்சல் செலவைவிட அதிகமாக இருக்கலாம். கையில் தூக்கி வரக்கூடியதை மட்டும் கொண்டுபோங்கள். எங்கள் பூத் மொத்தமும் ஒரு சூட்கேஸிலும் ஒரு பேனர் பையிலும் அடங்கிவிடும். அப்புறம், முதல் முறை தேசிய மாநாட்டுக்குப் போகாதீர்கள். காரில் போய் வரக்கூடிய வட்டார மாநாடு ஒன்றில் தொடங்குங்கள்.

பூத்தில் என்ன வைக்கணும்? எல்லோரும் ரொம்ப அலங்காரம் செய்வார்களாமே?

அவர்கள் தருவது பின்னால் ஒரு திரை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசையை முன்னால் தடுப்பு மாதிரி போட்டுவிட்டு அதன் பின்னால் நிற்பது பலர் செய்யும் தப்பு. பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள், மாணவர்கள் உள்ளே வந்து நிற்பார்கள். பேனரில் பேண்டின் பெயர், முகங்கள், நீங்கள் எப்படிப்பட்ட பேண்ட் என்று ஒரே வரி. நடந்துபோகிறவர் பத்தடி தூரத்தில் படித்துவிட வேண்டும். ஒரு டேப்லெட்டில் நிஜக் கூட்டத்தின் முன்னால் பாடிய ஒரு நிமிட வீடியோ, இரண்டு ஹெட்ஃபோன். இரண்டு இருக்கவேண்டும், ஏனென்றால் மாணவர்கள் தனியாக வருவதில்லை.

முதல் வருடம் பளபளப்பான ஃபோல்டர் அச்சடித்து, உள்ளே சிடி, பேண்டின் வரலாறு, பத்திரிகைத் துணுக்குகள் எல்லாம் வைத்துக் கொடுத்தோம். கடைசி நாள் மண்டபத்தைவிட்டு வரும்போது வாசல் குப்பைத்தொட்டியில் எங்கள் ஃபோல்டர்கள் கிடந்தன. சிடி வெளியே எடுக்கப்படவே இல்லை. மூன்று நாள் பூத் பூத்தாகச் சுற்றிக் கைநிறையத் தாள் வாங்கிய பிள்ளைகள் ஊர் திரும்பும்போது சுமை குறைக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது அரைத் தாள் ஒன்று மட்டும் தருகிறோம். அதில் என்ன இருக்கும் என்று கீழே 'என்ன பேசுவது' கேள்வியில் சொல்கிறேன்.

பூத்திலேயே பாடிக் காட்டலாமா?

ஆம்ப் போட்டுப் பாட விடமாட்டார்கள். பக்கத்துப் பூத்காரரும் வியாபாரம் செய்ய வேண்டுமே. மைக் இல்லாமல் மெல்லக் கிட்டார் வாசிப்பதைச் சில இடங்களில் அனுமதிப்பார்கள், விதித்தாளில் இருக்கும். வாசித்தாலும் ஆள் வந்ததும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

எல்லோரும் நிற்கணுமா? எங்கள் டிரம்மர் கூச்சப்படுவார்.

இரண்டு பேர் போதும், அதில் ஒருவராவது மேடையில் பாடுபவராக இருக்கட்டும். கூச்சப்படுபவரை வற்புறுத்த வேண்டாம். உட்காராதீர்கள், போன் பார்க்காதீர்கள், பூத்தில் சாப்பிடாதீர்கள். இன்னொன்று, வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் 21 வயதுக்குக் கீழே. ராத்திரி ஹோட்டலில் அவர்களோடு குடிப்பது, தனியாக அறைக்கு அழைப்பது என்ற பேச்சே கூடாது. மாநாட்டு விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் வயது.

நின்றுவிட்டோம். சரி, என்ன பேசுவது? 'எங்கள் பாட்டைக் கேளுங்கள்' என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். உங்கள் முன் நிற்கும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. உங்களைப் பிடித்திருக்கிறது என்பதால் மட்டும் அவளால் புக் செய்ய முடியாது. அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லி, எதிர்ப்பு வந்தால் பதில் சொல்லி, ஓட்டு வாங்க வேண்டும். அப்புறம் ஹால் பிடிக்க வேண்டும், போஸ்டர் ஒட்ட வேண்டும், அன்றைக்கு ஆள் வராவிட்டால் பேச்சும் வாங்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது அவள் வேலையைச் சுலபமாக்குவது. அதனால் முதலில் கேளுங்கள்: உங்கள் காலேஜ் எங்கே? இசை நிகழ்ச்சி எந்த நாளில் வைப்பீர்கள்? போன முறை எது நன்றாகப் போனது, எது போகவில்லை?

மூன்றாவது வருடம் ஒரு மாணவி சுருள் நோட்டோடு வந்து நின்றாள். ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு பக்கம். நான் பேண்டைப் பற்றிச் சொன்ன எதையும் அவள் எழுதவில்லை. "மதியம் சாப்பாட்டு நேரத்தில் வைத்தால் யாரும் கவனிப்பதில்லை" என்றாள். எங்கள் பாடகர், "கேட்கிறவர்கள் பாட்டுப் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்கள், நாங்கள் உடனே பாடுவோம், அதனால் சாப்பிட வந்தவர்களும் நிற்பார்கள்" என்றார். அப்போதுதான் பேனாவைத் திறந்தாள். துண்டுச்சீட்டு, 50 நிமிடம், இரண்டு ஸ்பீக்கர் போதும், நாங்களே கொண்டுவருவோம். நாலே குறிப்பு. அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. அந்த நாலு வரியைத்தான் இப்போது அரைத் தாளில் அச்சடித்துத் தருகிறோம், கூடவே அவர்கள் ஊர்ப் பக்கம் நாங்கள் வரும் தேதிகளும் ஒரு போன் நம்பரும்.

பேச்சு முடிந்ததும் மாணவர் சொன்னதை உடனே எழுதிவையுங்கள். நாள் முடிவில் ஐம்பது முகமும் ஒன்றாகிவிடும். மாணவர்களோடு வந்திருக்கும் அட்வைசரின் (குழுவுக்கு வழிகாட்டும் கல்லூரி ஊழியர்) பெயரையும் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

சாக்லேட் வைத்தால் கூட்டம் வருமா?

சாக்லேட்டுக்குக் கூட்டம் வரும்.

ரேட் கேட்டால் உடனே சொல்லலாமா? பேரம் பேசுவார்களே?

சொல்லுங்கள். மாணவரிடம் பட்ஜெட் தாள் இருக்கும், 'அப்புறம் பேசலாம்' என்றால் அவர் அடுத்த பூத்துக்குப் போய்விடுவார். ஒலி அமைப்பு, பயணம், தங்குமிடம், சாப்பாடு உள்ளடங்கிய ஒரே தொகையாகச் சொல்வது நல்லது. ஹோட்டலைத் தனியாகக் கேட்டால் அதற்கு அவர் இன்னொரு படிவம் நிரப்ப வேண்டும். ஒருவருக்கு ஒரு விலை, அடுத்தவருக்கு ஒரு விலை என்று மட்டும் வேண்டாம். அந்தக் கல்லூரிகள் ராத்திரியே ஒன்றாக உட்கார்ந்து பேசும்.

'த்ரீ ஆஃப் ஃபைவ்' என்று கேட்கிறார்கள், என்ன அது?

ஐந்து நாளுக்குள் மூன்று கல்லூரிகள் சேர்ந்து உங்களை எடுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. 'ஃபைவ் ஆஃப் செவன்' என்றால் ஏழு நாளில் ஐந்து. தனி ஒரு நாளுக்கு ஒரு ரேட், மூன்றுக்கு ஒரு ரேட், ஐந்துக்கு ஒரு ரேட் என்று மூன்று எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதிலில் சொன்ன பிளாக் புக்கிங் இதுதான். மாநாட்டிலேயே கல்லூரிக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து எந்தக் கல்லூரிக்கு எந்தக் கலைஞர் வேண்டும் என்று பார்த்து இப்படிச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். தனி நாளுக்கு 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பென்சில்வேனியாவில் கட்ஸ்டவுன், ஈஸ்ட் ஸ்ட்ரவுட்ஸ்பர்க், ப்ளூம்ஸ்பர்க் மூன்றும் கல்லூரி ஊர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூன்றும் சேர்ந்தால் ஆளுக்கு 1,500 என்கிறீர்கள். அவர்களுக்கு 500 மிச்சம். உங்களுக்கு ஒரே வாரத்தில் 4,500, வீட்டிலிருந்து போய்வரும் செலவு ஒரே தடவை. ஆனால் தூரத்துக்கு ஒரு வரம்பு எழுதுங்கள். 'ஐந்து நாளில் மூன்று' என்று மட்டும் எழுதி, ஒரு கல்லூரி எரீயிலும் அடுத்தது ஃபிலடெல்ஃபியாவிலும் அமைந்தால் மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ராத்திரியெல்லாம் வண்டி ஓட்ட வேண்டும்.

இதனால்தான் பூத்தில் ஒரு மாநில வரைபடம் வைக்கச் சொல்கிறேன். யாராவது ஆர்வம் காட்டினால் அந்த ஊரில் ஒரு குண்டூசி. அடுத்து வருபவர் பக்கத்து ஊராக இருந்தால், "இவர்களும் அந்த வாரம்தான் பார்க்கிறார்கள்" என்று சொல்லலாம். அது உண்மையாக இருக்கும்போது மட்டும்.

ஷோகேஸ் கிடைக்கவில்லை. பூத் மட்டும் எடுத்துப் பிரயோஜனம் உண்டா?

ஷோகேஸ் என்பது எல்லாக் கல்லூரிகளும் உட்கார்ந்து பார்க்கும் மேடை. ஏறத்தாழ பதினைந்து நிமிடம் கிடைக்கும், வீடியோ பார்த்து ஒரு குழு தேர்ந்தெடுக்கும். கிடைத்தால் பெரிய பலம், மறுக்கவில்லை. மேடை முடிந்ததும் பூத் மண்டபம் திறக்கும், பார்த்தவர்கள் நேராக உங்களைத் தேடி வருவார்கள். அதனால் கடைசிப் பாட்டு முடிந்ததும் வாத்தியத்தை மூட்டைகட்ட ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பூத்துக்கு ஓடுங்கள்.

கிடைக்காவிட்டால் பூத் மட்டுமே கொஞ்சம் கடினம்தான். இருந்தாலும் எங்களுக்கு முதல் இரண்டு வருடம் வந்த நாள்கள் எல்லாம் பூத்தில் நின்று வந்தவையே. ஷோகேஸ் இல்லாதபோது போவதற்கு முன்பே கல்லூரிகளுக்கு மெயில் போட்டு, "இந்த எண் பூத்தில் இருப்போம், உங்கள் ஊர்ப் பக்கம் மார்ச்சில் வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

எந்த மாதம் மாநாடு, எந்த மாதம் நிகழ்ச்சி? குழப்பமாக இருக்கிறது.

இலையுதிர் காலத்து வட்டார மாநாட்டில் பெரும்பாலும் ஜனவரிக்குப் பிந்தைய செமஸ்டரை நிரப்புவார்கள். பிப்ரவரி வாக்கில் நடக்கும் தேசிய மாநாட்டில் ஆகஸ்ட், செப்டம்பர் பேச்சு வரும். பல கல்லூரிகளின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஆகவே பிப்ரவரியில் 'பணம் இல்லை' என்பவரிடம் 'ஜூலைக்குப் பிறகு?' என்று கேட்க மறக்காதீர்கள்.

ஒரு பையன் 'நிச்சயம் புக் பண்ணுகிறோம்' என்றான். இரண்டு மாதமாகப் பதிலே இல்லை. ஏமாற்றிவிட்டானா?

இல்லை. அநேகமாக அவனுக்குப் பரீட்சை, அல்லது குழுவில் ஓட்டு விழவில்லை, அல்லது அவன் பதவியே மாறிவிட்டது. புதிய நிர்வாகிகள் வருடா வருடம் வருவார்கள். அட்வைசர் கல்லூரி ஊழியர், அவர் இருப்பார். அவர் பெயரை வாங்கிவையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். மாநாடு முடிந்த ஒரு வாரத்துக்குள் முதல் மெயில், அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை நினைவுபடுத்துங்கள். பிறகு மூன்று வாரம் கழித்து அட்வைசரையும் சேர்த்து இன்னொன்று.

இன்னொரு முக்கியமான விஷயம்: மாணவர் 'ஓகே' என்பதும், உங்களை அழைக்க விருப்பம் என்று மாநாட்டில் படிவத்தில் எழுதுவதும் ஒப்பந்தம் ஆகாது. கல்லூரி சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ள அலுவலர் கையெழுத்திட்டால்தான் அது உறுதி. அதுவரை வேறு வாய்ப்பை விடாதீர்கள், வேனுக்கு முன்பணமும் கட்டாதீர்கள்.

நான் எஃப்-1 விசாவில் படிக்கிறேன், எங்கள் பாஸிஸ்ட் எச்-1பி. சும்மா கேஷ் வாங்கிக்கொண்டு வாசிக்கலாம்தானே?

கூடாது. எஃப்-1 மாணவர் தன் கல்லூரி வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்வது விதிமீறல். இன்னொரு கல்லூரியில் காசுக்கு வாசிப்பதும் அதில் அடங்கும், கேஷாக வாங்கினாலும் அதேதான். எச்-1பி, எந்த நிறுவனம் மனு போட்டதோ அங்கே வேலை பார்க்க மட்டும். போதாததற்கு, கல்லூரி பணம் தருவதற்கு முன் வரிப் படிவம் கேட்கும், எல்லாம் பதிவில் இருக்கும். மேடை ஆசைக்காகப் படிப்பையும் வேலையையும் பணயம் வைக்காதீர்கள். உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும், தேவைப்பட்டால் குடியேற்ற வக்கீலையும் முதலில் கேளுங்கள்.

நாங்கள் தமிழ்ப் பாட்டும் பாடுவோம். பூத்தில் அதைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

ஏன் மறைக்க வேண்டும்? அந்த ஹாலில் கிட்டாரோடு நிற்பவர்கள் எத்தனையோ பேர், கஞ்சிராவோடு நிற்பவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். தீபாவளிக்கு வளாகத்தில் நிகழ்ச்சி வைக்கும் தெற்காசிய மாணவர் சங்கங்கள் பல இடங்களில் உண்டு, பன்முகக் கலாசார அலுவலகங்களுக்குத் தனி பட்ஜெட் இருக்கும். ஆசிய அமெரிக்கர் பாரம்பரிய மாதம் நாடு முழுக்க மே மாதம். ஆனால் மே மாதம் செமஸ்டர் முடிந்துவிடுவதால் பல கல்லூரிகள் ஏப்ரலிலேயே கொண்டாடிவிடும். ஆகவே ஏப்ரல் தேதிகளைக் காலியாக வையுங்கள்.

ஒரே எச்சரிக்கை. தீபாவளி பேண்ட் என்று மட்டும் உங்களைக் குறித்துக்கொண்டால் வருடத்தில் ஒரு வாரம்தான் வேலை. மதிய நேர நிகழ்ச்சிக்கும் நீங்கள் பொருந்துவீர்கள் என்று வீடியோவில் காட்டுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழுவை வரவழைத்து இதே வழியில் காலேஜ்களில் பாட வைக்க முடியுமா?

முடியும், ஆனால் சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்குப் பாட முடியாது. தனித்துவமான பண்பாட்டுக் கலைகளுக்கு பி-3 என்று ஒரு வகை உண்டு. பறை, நாட்டுப்புறப் பாட்டு போன்றவை அதில் பொருந்த வாய்ப்பிருக்கிறது. மனுவை அமெரிக்காவில் இருக்கும் ஒரு அமைப்போ ஏஜென்டோ போட வேண்டும், ஒப்பந்தங்களும் பயணத் திட்டமும் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில், முன்கூட்டி வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், மொத்தத் தொகையில் 30 விழுக்காட்டை வரியாகப் பிடித்துவிடுவார்கள். ஒரு கல்லூரி ஒரு நாள் மட்டும் ஒப்புக்கொண்டால் இவ்வளவு செலவு கட்டாது. 'ஃபைவ் ஆஃப் செவன்' போல இரண்டு வாரம் அமைந்தால் யோசிக்கலாம். ஒரு வருடம் முன்னாலேயே தொடங்குங்கள்.

மூன்று வருடம் பூத் போட்டோம், நாலே நாள்தான் கிடைத்தது. நிறுத்திவிடலாமா?

எந்த இடத்தில் ஆள் நழுவுகிறார் என்று முதலில் பாருங்கள். பூத்துக்கே ஆள் வரவில்லை என்றால் பேனரையும் மேசையையும் மாற்றுங்கள். வந்து பேசிவிட்டுப் போகிறார்கள், மெயிலுக்குப் பதில் வருகிறது, ஆனால் ஓட்டில் தோற்கிறது என்றால் வீடியோவையும் ரேட்டையும் பாருங்கள். பதிலே வரவில்லை என்றால் அரைத் தாளைப் பாருங்கள். கிடைத்த நாலு கல்லூரியில் எத்தனை பேர் மறுபடி அழைத்தார்கள்? இரண்டு பேர் அழைத்திருந்தால் உங்கள் நிகழ்ச்சியில் குறை இல்லை. அடுத்த வருடம் அதே பணத்தை வேறு வட்டார மாநாட்டில் போடுங்கள். ஒருவரும் அழைக்கவில்லை என்றால் ஒரு வருடம் பூத் வேண்டாம். அந்த நாலு அட்வைசர்களையும் போனில் பிடித்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். மாணவர்கள் மரியாதைக்காக நல்லதாகச் சொல்வார்கள், அட்வைசர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.